இது எந்த ஊர்ப் பள்ளி? படங்களின் வழியே ஒரு வரலாற்றுப் பயணம்



ஒருவர் ஒரு படத்தை அனுப்புகிறார்; ஊரின் பெயரைச் சொல்வதில்லை. மற்றவர்கள் அதில் தெரியும் கூரையையும் மரத்தையும் பெயர்ப்பலகையையும் நிழலையும் கொண்டு அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை கிட்டாதபோது அனுப்பியவர் ஒவ்வொரு குறிப்பாகத் தருவார். இணையத்தின் வழியே நண்பர்கள் கூடி விளையாடும் இவ்விளையாட்டு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. 2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தெருக்களின் படங்களை வரைபடத்தோடு இணைத்து வெளியிடத் தொடங்கியது. அப்படங்களைக் கொண்டு 2013இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆன்டன் வாலென் என்பவர் 'ஜியோகெஸ்ஸர்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் ஒரு மின்கம்பத்தையும் சாலையின் நடுக்கோட்டையும் பார்த்தே நாட்டைச் சொல்லும் திறன் பெற்றுவிட்டனர்.

நம் நண்பர் வட்டத்தில் இதற்கு இரண்டு வரம்புகளை வைத்துக்கொண்டோம். படம் பள்ளிவாசலின் படமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பந்தயமோ பணமோ கூடாது என்பது மற்றொன்று. ஊகத்தின் மேல் பணம் வைப்பது சூதாகிவிடும். இவ்வரம்புக்குள் விளையாடியபோது நாம் எதிர்பாராத ஒரு பயன் கிட்டியது. ஒரு பள்ளியின் படம் எந்த ஊர் என்று அறிய முயல்வோர், அவ்வூருக்கு இஸ்லாம் எவ்வழியாக வந்தது, அங்கே எந்தக் கல் கிடைக்கிறது, மழை எவ்வளவு பெய்கிறது, அதைக் கட்டிய கைகள் யாருடையவை என்பவற்றையெல்லாம் அறிய வேண்டியதாகிறது. அந்த வரலாற்றையே இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

அடையாளம் கேட்டவர்கள்

ஓரிடத்தை அதன் அடையாளங்களைக் கொண்டு உறுதிசெய்வது நம் மரபுக்குப் புதிதன்று. மிஃராஜ் இரவுக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் பைத்துல் முகத்தஸுக்குச் சென்றுவந்ததை அறிவித்தபோது குறைஷிகள் அதை ஏற்கவில்லை. வணிகத்தின்பொருட்டு ஷாம் நாட்டுக்குச் சென்றுவந்த அவர்களில் அந்த இடத்தைக் கண்டவர்கள் இருந்தனர். ஆகவே அதன் அடையாளங்களைக் கூறுமாறு கேட்டனர். அல்லாஹ் அந்தப் பள்ளியை நபியவர்களின் கண்முன் காட்டினான். அதைப் பார்த்தபடியே அவர்கள் ஒவ்வொன்றாக விவரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இச்செய்தி பதிவாகியுள்ளது. எதிரிகள் நம்ப மறுத்தபோதும், அடையாளம் கேட்டுச் சோதிப்பது என்னும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதை இங்கே கவனிக்கலாம்.

அரபியரிடையே தடயம் படிப்பது ஒரு கலையாகவே விளங்கியது. முத்லிஜ் குலத்தார் அதில் பெயர் பெற்றவர்கள். ஸைத் (ரலி) அவர்களும் அவர்தம் மகன் உஸாமா (ரலி) அவர்களும் நிறத்தில் வேறுபட்டிருந்ததால் சிலர் அவர்களின் உறவை ஐயுற்றுப் பேசினர். இருவரும் முகம் மூடிப் பாதம் மட்டும் தெரியப் படுத்திருந்தபோது, முத்லிஜ் குலத்தவரான முஜஸ்ஸிஸ் அப்பாதங்களைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கூறிவிட்டார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் முகமலர்ச்சியோடு ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து அதைச் சொன்னார்கள். நுணுகிப் பார்க்கும் கண் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்த நிகழ்ச்சி இது.

ஊர்களைப் படித்த அறிஞர்கள்

பிற்கால அறிஞர்கள் இந்தக் கண்ணை உலகின்மேல் திருப்பினர். ஜெரூசலத்தில் பிறந்த அல்முகத்தஸி 10ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய நிலப்பரப்பெங்கும் பயணம் செய்து தம் புவியியல் நூலை எழுதினார். ஒவ்வொரு பகுதியிலும் தண்ணீர் எப்படிப்பட்டது, மக்கள் என்ன உடுத்துகின்றனர், எப்படிப் பேசுகின்றனர், எந்த அளவைகளைப் புழங்குகின்றனர் என்று அவர் குறித்துவைத்தார். இன்றைய விளையாட்டில் வல்லவர்கள் தேடும் குறிப்புகளும் ஏறத்தாழ இவையே. அல்பீரூனி 1025இல் முடித்த ஒரு நூலில், கஸ்னா நகரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்து அங்கிருந்து கிப்லாவைத் துல்லியமாக அறியும் வழியை ஆராய்ந்தார். தொழுகையில் முகம் திருப்ப வேண்டிய திசையை அறிய வேண்டுமென்றால், தாம் நிற்கும் இடம் எதுவென்று முதலில் அறிய வேண்டும். நம் வணக்கத்தின் தேவையே நில அறிவை வளர்த்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இப்னு பதூதா 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர். 1326இல் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தைக் கண்டபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்ததாக எழுதினார். 1349இல் திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே நுழையவும் முடியாத அளவுக்கு அது சிதைந்திருந்தது. இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதன் கடைசிக் காலத்தை நாம் அறிவதற்கு அவர் கண்ணால் கண்டதை எழுதிவைத்தது பெரிதும் உதவுகிறது. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இது தேவைப்படும்.

மினாரா தரும் முதற்குறிப்பு

பள்ளிவாசல் என்றவுடன் நம் பிள்ளைகள் வரைவது ஒரு குவிமாடமும் இருபுறமும் மினாராவுமே. ஆனால் ஹிஜ்ரி முதலாம் ஆண்டில் மதீனாவில் எழுந்த நபியவர்களின் பள்ளியில் இவ்விரண்டுமே இல்லை. சுவர் பச்சைச் செங்கல், தூண் ஈச்சமரம், கூரை ஈச்சமட்டை. உட்குழிந்த மிஹ்ராப், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பள்ளியில் அமைக்கப்பட்டது. எனவே மினாராவும் குவிமாடமும் காலப்போக்கில் ஊருக்கேற்ப வந்தவை. அதனால்தான் அவை ஊரைக் காட்டிக்கொடுக்கின்றன.

படத்தில் மினாரா சதுரமாக, கனத்த கோபுரம்போல் நின்றால் வட ஆப்பிரிக்காவைத் தேடலாம். துனீசியாவின் கைரவான் நகரை 670இல் உக்பா இப்னு நாஃபிஃ (ரஹ்) அவர்கள் நிறுவினார்கள். அங்குள்ள பெரிய பள்ளியின் இன்றைய வடிவம் பெரும்பாலும் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மினாரா மூன்று அடுக்குச் சதுரக் கோபுரம். இந்தச் சதுர வடிவம் மேற்கே பரவி, 12ஆம் நூற்றாண்டில் மர்ராக்கிஷ் நகரின் குதுபிய்யா பள்ளியில் ஏறத்தாழ 77 மீட்டர் உயரத்தை எட்டியது.

குதுபிய்யாவை அறிந்த எவருக்கும் ஒரு படம் தடுமாற்றம் தரும். அதே சதுரக் கோபுரம், அதே வலைப்பின்னல் அலங்காரம். ஆனால் உச்சியில் தேவாலய மணிகள். அது ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரின் ஹிரால்டா கோபுரம். முவஹ்ஹிதீன்கள் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மினாரா அது. 1248இல் நகரம் காஸ்டீல் அரசரிடம் வீழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் அதன் உச்சியில் மணிக்கூண்டு கட்டப்பட்டது. தலைப்பகுதி மாறியும் உடல் தன் பிறப்பைச் சொல்லிக்கொண்டே நிற்கிறது. அந்தலூஸின் வரலாற்றை ஒரு பாடவேளை முழுதும் சொன்னாலும் மாணவர் மனத்தில் பதியாதது, இந்த ஒரு படத்தில் பதிந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

மினாரா பென்சில்போல் மெலிந்து கூர்மையான முடியோடு உயர்ந்தால் உஸ்மானியர் ஆண்ட நிலம் என்று கொள்ளலாம். கட்டடக் கலைஞர் சினான் எதிர்னே நகரில் 1569 முதல் 1575 வரை கட்டிய சலீமிய்யா பள்ளியின் நான்கு மினாராக்களும் 70 மீட்டரைத் தாண்டுபவை. ஆனால் இவ்வடிவம் துருக்கியோடு நின்றுவிடவில்லை. போஸ்னியாவிலும் பல்கேரியாவிலும் உண்டு. ஆகவே இங்கே மினாராவை மட்டும் நம்பினால் விடை தவறும். பின்னணியில் உள்ள மலையையும் தெருவின் எழுத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நத்தையின் ஓடுபோல் வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் பாதையுடைய மினாராவாக இருந்தால் தடுமாறத் தேவையில்லை. அது இராக்கின் ஸாமர்ராவில் கலீஃபா முதவக்கில் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த மல்விய்யா. 52 மீட்டர் உயரமுள்ள அது, இன்றும் தனித்து நிற்கிறது.

மழையும் மண்ணும் கட்டிய பள்ளிகள்

கடினமான படங்கள் மினாராவே இல்லாத பள்ளிகளின் படங்கள்தாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குக் கூரை சரிந்திறங்க, நடுவே நான்கு பெருந்தூண்கள் தாங்கும் மரக்கட்டடம் ஜாவாவின் டெமாக் பள்ளி. அது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. இஸ்லாத்தை அங்கே பரப்பிய ஒன்பது இறைநேசர்களோடு அதன் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. ஓயாத மழையில் தட்டையான கூரை நிற்காது. அங்கிருந்து சிறிது தொலைவில் குடுஸ் என்னும் ஊர். அதன் மினாரா செங்கல்லால் ஆன, ஜாவாவின் பழைய இந்துக் கோயில் கோபுரத்தை ஒத்த கட்டடம். 1549இல் எழுந்த அப்பள்ளியை நிறுவியவர் சூனன் குடுஸ். அந்த ஊரின் பெயரே 'அல்குத்ஸ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மிஃராஜின் நினைவு ஜாவாவின் ஓர் ஊருக்குப் பெயராகி நிற்கிறது.

சீனத்தின் சியான் நகரப் பெரிய பள்ளி நம்மை இன்னும் திகைக்க வைக்கும். வளைந்த ஓட்டுக்கூரையும் முற்றங்களும் நுழைவளைவுகளும் அரண்மனை போலிருக்கும். மினாரா எண்கோண வடிவில் சீனக் கோபுரமாக நிற்கும். இன்றுள்ள கட்டடங்களின் அடிப்படை 1392இல் மிங் அரசர் காலத்தில் அமைந்தது. இங்கே குறிப்பு கூரையில் இல்லை, திசையில் இருக்கிறது. சீன மரபுப்படி முக்கியமான கட்டடங்கள் தெற்கு நோக்கி அமைபவை. இப்பள்ளியோ கிழக்கு மேற்காக நீள்கிறது. தொழுவோரின் முகம் மேற்கே மக்காவை நோக்க வேண்டும் என்பதே காரணம். மண்ணின் வடிவத்தை ஏற்றுக்கொண்ட அந்த முஸ்லிம்கள் திசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாலி நாட்டின் ஜென்னே பள்ளி முழுக்க மண்ணால் ஆனது. அதன் சுவரெங்கும் பனைமரக் கட்டைகள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை என்று எண்ணிவிடலாகாது. மழையில் கரையும் சுவருக்கு ஆண்டுதோறும் ஊரார் கூடி மண் பூசும்போது, அக்கட்டைகளே ஏறி நிற்கும் சாரமாகின்றன. இன்றைய கட்டடம் 1907ஆம் ஆண்டினது. பூசும் பணியோ ஒவ்வோர் ஆண்டும் புதியது.

வங்கத்தில் கல் அரிது, களிமண் மிகுதி. ஆகவே பாகேர்ஹாட்டில் கான் ஜஹான் அலி 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளி செங்கல்லால் ஆனது. 'அறுபது குவிமாடப் பள்ளி' என்று பெயர். கூரையில் உள்ள குவிமாடங்களோ 77. உள்ளே 60 தூண்கள் இருப்பதால் அப்பெயர் வந்தது என்பர். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் நாகுதா மிஷ்கால் என்னும் வணிகர் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளி, பல அடுக்கு ஓட்டுக்கூரையுடைய மரக்கட்டடம். 1510இல் போர்த்துக்கீசியர் அதற்குத் தீயிட்டனர். பின்னர் அது செப்பனிடப்பட்டது. மாலத்தீவின் மாலே நகரில் 1658இல் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளியோ கடற்பவளக் கல்லைச் செதுக்கிக் கட்டியது. தீவில் வேறு கல் ஏது?

எழுத்து, நிழல், கிப்லா

கட்டடம் விடை தராதபோது எழுத்து உதவும். வலமிருந்து இடமாக எழுதிய பலகையைக் கண்டவுடன் அரபு நாடு என்று முடிவுகட்டிவிடலாகாது. சாய்ந்து இறங்கும் எழுத்தாக இருந்தால் உருது அல்லது பாரசீகம். புருனையிலும் மலேசியாவின் கிளந்தானிலும் மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதிய பலகைகள் உண்டு. மாலத்தீவின் தானா எழுத்தும் வலமிருந்து இடமாகவே செல்லும்; அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. தெருவில் வண்டிகள் இடப்புறம் சென்றால் அரபு நாடுகளைத் தள்ளிவிட்டு, இந்தியா, இலங்கை, வங்கதேசம், மலேசியா, இந்தோனேசியா முதலான நாடுகளை எண்ணலாம்.

அடுத்தது சூரியன். தில்லியில் நண்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்தே வரும். மேற்கு நோக்கித் தொழுபவருக்கு அது இடப்பக்கம். மர்ராக்கிஷில் கிப்லா கிழக்கு. அங்கே அதே வெயில் தொழுபவரின் வலப்பக்கம். இஸ்தான்புல்லில் கிப்லா தென்கிழக்கு; வெயில் ஏறத்தாழ எதிரே இருந்து வரும். ஆகவே மிஹ்ராபும் நிழலும் ஒரே படத்தில் தெரிந்தால், அப்பள்ளி மக்காவுக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். திமிஷ்கின் உமய்யாப் பள்ளியில் நேரம் கணிக்கும் தலைமை முவக்கித்தாகப் பணியாற்றிய இப்னு ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டில் அப்பள்ளியின் மினாராவுக்காக நிழற்கடிகாரம் அமைத்தவர். நிழலைப் பார்த்து இடத்தையும் நேரத்தையும் சொல்வது நம் பள்ளிகளிலேயே ஒரு பதவியாக இருந்தது.

சியானின் சீனக் கூரைக்கும் ஜென்னேயின் மண்சுவருக்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதும் இல்லை. இருப்பினும் இரண்டையும் வரைபடத்தில் வைத்துக் கோடிழுத்தால் இரு கோடுகளும் கஃபாவில் சந்திக்கும். உம்மத்தின் ஒற்றுமை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட எளிய பாடம் நமக்குக் கிட்டவில்லை.

நம் கரையின் அடையாளங்கள்

சிங்கப்பூர் வீதியில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து, நாகூர் என்று விடை சொல்பவர்கள் உண்டு. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா கட்டடம் அது. நம் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது. சவுத் பிரிட்ஜ் சாலையில் அவர்களே 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளியும், பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளியும் அவ்வாறே தமிழ் முஸ்லிம்களின் கைத்தடங்கள். கொழும்பு புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி நிற்கும் ஜாமிஉல் அஃபார் பள்ளி 1909இல் நிறைவுற்றது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்று மக்கள் அதை அழைப்பதில் கடல் கடந்த உறவின் சுவடு இருக்கிறது.

இனி நம் மண்ணுக்கே வருவோம். கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்க, தூணின் தலையில் போதிகை பூமொட்டாகத் தொங்க, மேலே கல் பலகைகள் பாவிய தட்டைக் கூரை. உருவச் சிற்பம் ஒன்றும் இல்லை. கொடியும் பூவும் கோலமுமே செதுக்கப்பட்டுள்ளன. கோயில் மண்டபம் என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் சொல்லக்கூடும். அது 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளி. இந்த மண்ணின் கற்றச்சர் மரபு, இந்த மண்ணின் முஸ்லிம்களுக்கு ஏற்ப உருவத்தை விடுத்துக் கல்லைச் செதுக்கியிருக்கிறது. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளிலும் இதே கல்மரபைக் காணலாம். மெஹ்ர்தாத் ஷொகூஹி என்னும் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூலில் இவ்வூர்களின் பள்ளிகளை அளந்து வரைந்து பதிவுசெய்துள்ளார்.

சென்னைத் திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளி 1795இல் ஆற்காட்டு நவாபின் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. அதன் கட்டுமான ஆண்டைச் சொல்லும் பாரசீக வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். நாகூரின் மிக உயர்ந்த மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இக்கட்டடங்கள் நம் அயலாருக்கும் நமக்கும் இடையே இருந்த உறவின் சாசனங்கள். நீதிமன்றத்தில் காட்டும் பத்திரத்தைவிடத் தெளிவாக அவை பேசுகின்றன.

ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒளியில்

இவ்விளையாட்டை ஆகும் என்போரும் வீண் என்போரும் உண்டு. அல்ஹுஜுராத் அத்தியாயத்தைப் பொருளோடு ஓதுவோர்க்கு இதன் ஒழுங்குகள் அதிலேயே கிட்டும்.

அதன் 6ஆம் வசனம், நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் ஆராய்ந்து தெளியுமாறு ஏவுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. இன்று கைப்பேசிகளில் வரும் படங்கள் பல, ஒரு நாட்டில் எடுக்கப்பட்டு வேறொரு நாட்டின் பெயரோடு உலவுகின்றன. எங்கோ, என்றோ நடந்த கொடுமையின் படம் நேற்று நம் பக்கத்து ஊரில் நடந்ததாகப் பரவுகிறது. அதைக் கண்டு கொதித்து அனுப்பும் ஒவ்வொருவரும் ஒரு பொய்யின் அறிவிப்பாளர் ஆகிறார். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயரும் நாளும் நடத்தையும் ஆராய்ந்த இமாம்களின் வழிவந்த நாம், படத்தின் அறிவிப்புத் தொடரைக் கேட்காமல் இருக்கலாமா? சுவரின் எழுத்து, வண்டியின் எண் பலகை, சாலையின் பக்கம், கூரையின் வடிவம் ஆகியவற்றை விளையாட்டில் பார்த்துப் பழகிய இளைஞர்கள், பொய்ப்படத்தை எளிதில் இனங்காண்கின்றனர். இப்பயிற்சி ஒன்றே இவ்விளையாட்டை வீண் என்னும் பழியிலிருந்து காக்கப் போதும்.

12ஆம் வசனம் ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாதிருக்கவும் கட்டளையிடுகிறது. ஆகவே இத்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் தம் வீட்டுச் சன்னலோரம் எடுத்த படத்திலிருந்து அவருடைய முகவரியைக் கண்டறிவதும், ஒரு சகோதரியின் படத்தின் பின்னணியைக் கொண்டு அவர் இருக்கும் இடத்தைத் தேடுவதும் விளையாட்டாகா. அவை விலக்கப்பட்ட ஒற்றாடல். பொது இடங்களின் படங்களோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு. நம் பிள்ளைகள் தாம் பகிரும் படங்களில் எவ்வளவு தடயம் இருக்கிறது என்பதையும் பெற்றோர் இதன்வழி அவர்களுக்கு உணர்த்தலாம்.

13ஆம் வசனம், மனிதர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று கூறுகிறது. டெமாக்கின் கூரையையும் கைரவானின் மினாராவையும் அறிந்துகொள்வது அந்த அறிமுகத்தின் ஒரு சிறு படி.

இடிக்கும் முன் ஒரு சொல்

இப்போது நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். அண்மையில் கட்டிய பள்ளிகளின் படங்களை வைத்து விளையாட முயன்றால் விளையாட்டே நடப்பதில்லை. அதே காங்கிரீட், அதே குவிமாடம், அதே பளிங்கு ஓடு, அதே வண்ணக் கண்ணாடி. வளைகுடா நகரமா, வட இந்தியச் சிற்றூரா, நம் இராமநாதபுரம் மாவட்டமா என்று பிரித்தறிய வழியில்லை. நம் ஊர்கள் பலவற்றில், ஜமாஅத் பெருகி இடம் போதாமையால் பழைய கற்பள்ளிகள் அகற்றப்பட்டு இத்தகைய கட்டடங்கள் எழுகின்றன. அந்தத் தேவை உண்மையானது. ஜும்ஆ நாளில் வெயிலில் தெருவில் நின்று தொழும் மக்களிடம் கற்றூணின் அழகைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

மார்க்கமும் விரிவாக்கத்தைத் தடுக்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியின் வரலாறே அதற்குச் சான்று. உமர் (ரலி) அவர்கள் அதை விரிவுபடுத்தியபோது பழைய பொருள்களாகிய செங்கல்லையும் ஈச்சமரத்தையுமே பயன்படுத்தினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களோ செதுக்கிய கல்லால் சுவரும் தூணும் அமைத்துத் தேக்கு மரத்தால் கூரை வேய்ந்தார்கள். இருவரும் நேர்வழி பெற்ற கலீஃபாக்கள். ஒருவர் பழையதைப் பேணினார், மற்றவர் புதியதைச் சேர்த்தார். ஆனால் இதை நாம் எவ்வாறு அறிகிறோம்? சுவர் எதனால் ஆனது, தூண் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, யார் எதை மாற்றினார் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் வரிசையாகச் சொல்லிவைத்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அதைப் பதிவுசெய்தார்கள். கட்டடம் மாறியது; அதைப் பற்றிய அறிவு தொலையவில்லை. நாமோ பல ஊர்களில் கட்டடத்தையும் தொலைத்து, அறிவையும் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் குடும்பங்களுக்கும் சில வேண்டுகோள்கள். விரிவாக்கத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் பழைய கல்மண்டபத்தை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு புதியதைச் சேர்த்துக் கட்டலாம். இடித்தே ஆக வேண்டுமென்றால், முதல் கல்லைப் பெயர்க்கும் முன் பள்ளி முழுவதையும் படமெடுக்க வேண்டும். தூண், போதிகை, மிஹ்ராப், மிம்பர், ஹவ்ள் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கட்டும். கல்வெட்டுகளையும் மையவாடியின் மீஸான் கற்களையும், காலை அல்லது மாலையின் சாய்வெயிலில் எழுத்து தெளிவாகத் தெரியும்போது எடுப்பது நல்லது. அவற்றில் அரபுத்தமிழில் உள்ளவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே படித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்னும் ஊர், பள்ளியின் பெயர், நாள், எடுத்தவர் ஆகிய விவரங்கள் இருக்கட்டும். பெயரில்லாத படம் ஐம்பது ஆண்டுகளில் யாராலும் விடை சொல்ல முடியாத புதிராகிவிடும்.

இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். பள்ளியின் ஒரு மூலையை மட்டும் படமெடுத்து உறவினருக்கு அனுப்பி, நம் பள்ளியில் இது எந்த இடம் என்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டனார் உடனே சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா சிறிது யோசித்துச் சொல்வார். பேரனுக்குத் தெரியாமல் இருக்கும். அந்த உரையாடலில் அத்தூணருகே பாடம் நடத்திய உஸ்தாதின் பெயரும், அந்தக் கிணற்றை வக்ஃபு செய்த குடும்பத்தின் பெயரும் வெளிவரும். அவற்றை எழுதிவைத்தால் அது அவ்வூரின் வரலாறு.

வல்ல அல்லாஹ் தன் இல்லங்களைப் பேணுவோராகவும், கேட்டதையும் கண்டதையும் ஆராய்ந்து உண்மையை மட்டுமே எடுத்துரைப்போராகவும் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.